கல்யாணத்துக்கு வாடகைக் கில்ட்: துணி அருமை, நீளத்தில்தான் சொதப்பல்

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் ஆறு வருடம் வேலை பார்த்தபோது மூன்று கல்யாணங்களுக்குக் கில்ட் (அந்த ஊர் ஆண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும், கொசுவம் வைத்த பாவாடை மாதிரி உடை) கட்டிப் போயிருக்கிறேன். அங்கே அதை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். போன ஜூலையில் போனது வேறு மாதிரிக் கல்யாணம். கிளாஸ்கோவில் என்னோடு ஒரே வீட்டில் இருந்த நண்பன் ஆங்கிலேயன், பெண்ணும் அப்படியே, கல்யாணம் இங்கிலாந்தின் டெவன் பக்கம் ஒரு கிராமத்தில். எங்கள் பழைய வீட்டைத் தவிர அந்தக் கல்யாணத்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அதனால் கில்ட்டில் வரலாமா என்று முதலில் இருவரிடமும் கேட்டேன். மாப்பிள்ளை நீல நிற சூட்டில் நிற்கும்போது விருந்தாளி ஒருவன் கில்ட்டில் வந்தால் எல்லார் கண்ணும் அவன் மேல்தான் போகும், அது அவர்களுடைய நாள் அல்லவா. "கட்டாயம் அதிலேயே வா" என்று மணப்பெண்ணே சொன்ன பிறகுதான் ஆர்டர் போட்டேன். அவர்கள் கொஞ்சம் தயங்கியிருந்தாலும் சூட்டிலேயே போயிருப்பேன், உங்களுக்கும் அதையே சொல்வேன்.

தபாலில் அனுப்பும் ஒரு வாடகைக் கடையில் நான்கு நாளுக்கு 95 பவுண்டு. கில்ட், ஜாக்கெட், வெயிஸ்ட்கோட், ஸ்போரன் (இடுப்புக்கு முன்னால் தொங்கும் பை), கம்பளிக் காலுறை, ஷூ எல்லாம் அதற்குள் அடக்கம். சொந்தமாக வாங்கினால் எட்டு கெஜம் கம்பளியில் தைத்த கில்ட் மட்டுமே பல நூறு பவுண்டு ஆகும், அதனால் இந்த விலை நியாயம்தான்.

துணியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் ஒரு குறையும் இல்லை. விலை குறைந்த வாடகைக் கில்ட்கள் பாலியெஸ்டர் கலந்த மெல்லிய துணியில் வரும், நடக்கும்போது கொசுவம் காற்றில் பறந்து கலைந்துபோகும். இது நல்ல கனமான கம்பளி. பின்பக்கக் கொசுவம் ஒவ்வொன்றும் கத்தி முனைபோல நின்றது, காலடிக்கு ஏற்ப அசைந்து திரும்பத் தன் இடத்துக்கே வந்தது. டார்ட்டனில், அதாவது கில்ட் துணியின் கட்ட வடிவங்களில், பிளாக் வாட்ச் எடுத்தேன், கரும்பச்சையும் கருநீலமும் கலந்த கட்டம். ராணுவத்திலிருந்து வந்த அந்தக் கட்டத்தை எந்த ஸ்காட்லாந்துக் குலத்தையும் சேராதவர்கள் தயக்கமில்லாமல் அணியலாம். குலப் பெயருள்ள டார்ட்டனைப் பிறர் அணியக்கூடாது என்று சட்டம் எதுவும் கிடையாது, பால்மோரல் டார்ட்டனை மட்டும் அரச குடும்பத்துக்கு என்று மரபாக விட்டுவைத்திருக்கிறார்கள். ராயல் ஸ்டூவர்ட் என்ற சிவப்பு டார்ட்டனும் எல்லாருக்கும் பொதுவானதுதான், ஆனால் அந்தச் சிவப்பில் பிறர் கல்யாணத்துக்குப் போக எனக்கு மனம் வராது.

கடைக்காரர்கள் முதலில் காட்டியது பிரின்ஸ் சார்லி ஜாக்கெட். அது போ டையோடு மாலை விருந்துக்கு அணிவது, இரண்டு மணிக்குச் சர்ச்சில் நிற்பதற்கு அது பொருந்தாது. சாம்பல் நிற ட்வீட் கம்பளியில், பகலில் அணியும் ஆர்கைல் ஜாக்கெட்டும் சாதாரண நீள டையும் கேட்டேன், மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார்கள். ரோமம் வைத்த ஸ்போரனுக்குப் பதில் தோல் ஸ்போரன். விருந்தாளிக்கு இந்த அடக்கம் போதும்.

இனி அளவு. கில்ட்டைப் பேன்ட் மாதிரி இடுப்பெலும்பில் கட்டக்கூடாது, தொப்புள் உயரத்தில் கட்ட வேண்டும், கீழ் ஓரம் முழங்கால் சில்லின் நடுவில் நிற்க வேண்டும். இவர்களுடைய படிவத்தில் உயரத்தையும் இடுப்பளவையும் மட்டும் கேட்டார்கள், நீளத்தை அவர்களே உயரத்தை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஒரே உயரமுள்ள இரண்டு பேருக்குக் கால் நீளம் ஒன்றாகவா இருக்கும்? பார்சலைப் பிரித்துக் கட்டிப் பார்த்தால் முழங்காலுக்கு மூன்று விரல் கீழே தொங்குகிறது. இன்னொரு தவறு, கில்ட் பின்னை (முன்பக்கத் துணியில் குத்தும் ஊசி) முன்னால் ஒன்றன்மேல் ஒன்றாக வரும் இரண்டு அடுக்குத் துணியையும் சேர்த்துக் குத்தி அனுப்பியிருந்தார்கள். அது மேல் அடுக்கில் மட்டும்தான் இருக்க வேண்டும், இரண்டையும் கோத்துவிட்டால் உட்காரும்போது துணி இழுத்துக் கிழியும். முதல்முறை கட்டுகிறவர் அப்படியே போட்டுக்கொண்டு போயிருப்பார், அந்தக் கிழிசலுக்கு அவர்தான் பணமும் கட்டியிருப்பார். இதைத்தான் என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

போன் செய்தேன். பேசிய பெண் வாக்குவாதமே பண்ணவில்லை, தொப்புளிலிருந்து முழங்கால் நடுவரை அளந்து சொல்லச் சொன்னார், மறுநாள் மதியம் வேறு கில்ட் வந்துவிட்டது, கூடுதல் காசு கேட்கவில்லை. அதற்காக அவர்களுக்கு மனமார்ந்த நன்றி. அது சொன்னபடி அச்சாக நின்றது.

காலுறையில் செருகும் ஸ்கீன் டூ கத்திக்குப் பதில் பிளாஸ்டிக் பிடி ஒன்று வைத்திருந்தார்கள். தேசிய உடையின் பகுதியாக அணிந்தால் இங்கிலாந்துச் சட்டமும் அசல் கத்திக்கு இடம் தருகிறது, ஆனாலும் டெவன் கிராமத்துக் கல்யாணத்தில் அது எதற்கு, பையிலேயே விட்டுவிட்டேன். ஷூவுக்கு நாக்கு கிடையாது, நீளக் கயிற்றை முன்னால் முறுக்கிக் கணுக்காலைச் சுற்றிக் கட்ட வேண்டும், அதற்கு ஒரு படம்கூட உள்ளே வைக்கவில்லை. எனக்குத் தெரியும் என்பதால் சரி.

கல்யாணத்தன்று நல்ல வெயில். கம்பளி என்று பயந்தேன், கால் பக்கம் காற்றோட்டமாகவே இருந்தது, வெயிஸ்ட்கோட்டுக்குள்தான் வேர்த்தது. உட்காரும்போது பின்கொசுவத்தைக் கையால் வழித்துவிட்டு உட்கார வேண்டும், இல்லையென்றால் எழும்போது பின்பக்கம் முழுக்கச் சுருக்கம். கில்ட்டுக்குள் என்ன போட்டிருக்கிறாய் என்று நான்கு பேராவது கேட்டார்கள். வாடகைத் துணிக்குள் உள்ளாடை போடுவதுதான் அடுத்து அணியப்போகிறவருக்கு நாம் தரும் மரியாதை, அதையே பதிலாகச் சொன்னேன். குடும்பப் படங்களில் ஓரமாக நின்றேன். மணப்பெண்ணின் பாட்டி மட்டும் துணியைத் தொட்டுப் பார்த்து, இது அசல் கம்பளி என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

திங்கட்கிழமை கொசுவம் கலையாமல் நீளவாக்கில் உருட்டித் திருப்பி அனுப்பினேன், முன்பணம் புதனன்று கணக்கில் வந்தது. ஐந்துக்கு நான்கு. அக்டோபரில் வேல்ஸில் இன்னொரு கல்யாணம், அங்கேயும் கேட்டாயிற்று, சரி என்றார்கள். இதே கடைதான், இந்த முறை நீளத்தை நானே அளந்து படிவத்தின் குறிப்புப் பெட்டியில் எழுதிவிட்டேன்.