மூன்றாம் நாள் ‘ஜீரோ’ ரிப்போர்ட்டை நம்பிக் குடற்புழு மருந்து வாங்காதீர்கள்

ஆனேக்கல், சர்ஜாபுரம் பக்கம் ஆடு வளர்க்கும் நம்மவர்கள் கவனிக்கவும். பட்டிக்கே வந்து “டெஸ்ட் இலவசம்” என்று சொல்லிப் பூச்சி மருந்து விற்கிறார்கள்.

22 ஆடுகள் உள்ள ஒரு பட்டியில் நடந்தது இது. விற்பனையாளர் தரையில் கிடந்த புழுக்கையை அள்ளி ஒரே கவரில் போட்டுக்கொண்டு போனார். கிராம் புழுக்கைக்கு 1,400 புழு முட்டை என்று ரிப்போர்ட் வந்தது. ஐவர்மெக்டின் மருந்தை எல்லா ஆட்டுக்கும் ஒரே அளவில் ஊற்றிவிட்டு, மூன்றாம் நாள் மறுபடி அள்ளினார். “முட்டை ஜீரோ.” மொத்தமாக மருந்து வாங்கப் பணம் கைமாறியது. 15ஆம் நாள் வேறு ஆய்வகத்தில் பார்த்தபோது கிராமுக்குச் சராசரி 950 முட்டை. அதற்குள் இரண்டு ஆடுகளுக்குத் தாடைக்கடியில் நீர் கோத்து, இமையின் உள்பக்கம் வெளுத்துவிட்டது. இரைப்பையில் ரத்தம் குடிக்கும் ஹீமாங்கஸ் புழுவின் அடையாளம் இது.

அந்த ‘ஜீரோ’ பொய்யாக எழுதியதாகக்கூட இருக்க வேண்டியதில்லை. ஐவர்மெக்டின் பட்ட புழு சாகாவிட்டாலும் சில நாள் முட்டையிடுவதை நிறுத்திவிடும். அதனால்தான் இந்த மருந்துக்கு 14 முதல் 17 நாள் கழித்துத்தான் சாம்பிள் எடுக்க வேண்டும். அல்பெண்டசோல், பென்பெண்டசோலுக்கு 10 முதல் 14 நாள். லெவாமிசோல் ஒன்றுக்குத்தான் ஒரு வாரத்துக்குள் பார்க்கலாம். புதிதாகத் தொற்றும் ஹீமாங்கஸ் முட்டையிட ஏறக்குறைய மூன்று வாரமாகும். ஆகவே 15ஆம் நாள் கண்ட முட்டை, மருந்துக்குத் தப்பிய புழு இட்டதுதான்.

ஆனால் மருந்து எத்தனை சதவீதம் வேலை செய்தது என்று இப்போது கணக்கிடவே வழியில்லை. முதல் சாம்பிள் தரையில் கிடந்த கலவை. எந்த ஆட்டினுடையது என்று யாருக்குத் தெரியும்?

சரியான முறை: குறைந்தது 10 ஆடுகள், காதில் எண் போட்டவை, இரண்டு மாதமாக மருந்து கொடுக்காதவை. கையுறை போட்டு ஆசனவாயிலிருந்தே புழுக்கையை எடுத்து, தனித்தனிக் கவரில் எண் எழுதி, ஐஸ் பெட்டியில் வையுங்கள். உறைய விடாதீர்கள். வெயிலில் விட்டால் முட்டை பொரித்து, எண்ணிக்கை குறைவாகக் காட்டும். ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அன்றே கொண்டுபோய் விசாரியுங்கள். 4 கிராம் புழுக்கையை 56 மில்லி செறிந்த உப்புக்கரைசலில் கரைத்து வடிகட்டி, மெக்மாஸ்டர் சிலைடின் (முட்டை எண்ணும் கட்டம் போட்ட கண்ணாடி) இரண்டு அறைகளிலும் எண்ணி 50ஆல் பெருக்குவார்கள். அதாவது ஒரு முட்டை கண்ணில் பட்டாலே 50. முதல் எண்ணிக்கையே 100, 200 என்று இருந்தால் பிறகு வரும் ஜீரோவுக்குப் பெரிய அர்த்தமில்லை.

மருந்துக்குப் பின் அதே ஆடுகளில் மறுபடி எடுக்க வேண்டும். முட்டை எண்ணிக்கை குறைந்த அளவு 95 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் முதலில் கொடுத்த அளவைச் சரிபாருங்கள். ஆட்டைத் தராசில் நிறுத்தினார்களா, பாட்டிலைக் குலுக்கினார்களா? 2.5 சதவீத அல்பெண்டசோலில் மில்லிக்கு 25 மில்லிகிராம். கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்று டாக்டர் எழுதினால் 30 கிலோ ஆட்டுக்கு 12 மில்லி. கண்மதிப்பில் 6 ஊற்றினால் பாதி மருந்துதான். வெள்ளாடு மருந்தைச் சீக்கிரம் சிதைத்துவிடும் என்பதால் செம்மறி அளவு பெரும்பாலும் போதாது. சினையின் முதல் மாதத்தில் அல்பெண்டசோல் கூடாது.

அளவு சரியாக இருந்தும் முட்டை குறையவில்லை என்றால் புழுவுக்கு எதிர்ப்புத்திறன் வந்துவிட்டது. அதே மருந்தை இன்னொரு பெயரில் விற்பார்கள். லேபிளில் உட்பொருள் பெயரைப் படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.