சபை தன் ஊரைத் தெரிந்துகொள்ள ஒரு பயிற்சி: எங்கள் சேகரத்தின் அனுபவம்

2023 டிசம்பர் 17 அன்று தொடங்கிய பெருமழை காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்தபோது, தூத்துக்குடிக்குத் தெற்கே உப்பளங்களை ஒட்டியுள்ள எங்கள் சேகரமும், அதாவது ஒரே போதகரின் பொறுப்பிலுள்ள திருச்சபை வட்டாரமும், தண்ணீரில் நின்றது. வெள்ளம் வடிந்ததும் அரிசியும் போர்வையும் கொடுத்தோம். ஆலயத்தை ஒட்டிய தெருவில் சில வீடுகளுக்கு மூன்று பைகள் போய்ச் சேர்ந்திருக்க, ஓடைக்கு அப்பாலுள்ள குடியிருப்புக்கு ஒரு பைகூடப் போகவில்லை என்பது பொங்கலுக்குப் பிறகுதான் தெரிய வந்தது. அங்கே அத்தனை வீடுகள் இருப்பதே கமிட்டியில் பாதிப் பேருக்குத் தெரியாது. அந்த வெட்கத்தில்தான், ஊரின் தேவைகளைக் கேட்டறியச் சபைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு சிறு குழுவை மறு ஆண்டில் அழைத்தோம்.

வெள்ளி மாலை வகுப்பு, சனிக்கிழமை களப்பணி, ஞாயிறு ஆராதனைக்குப் பின் தொகுப்பு என்று மூன்று நாள். கட்டணம் 18,000 ரூபாய், பயணச் செலவு தனி. சபையார் கூடி விருந்துண்ணும் அசனப் பண்டிகைக்கு அரிசி எடுக்கவே கணக்குப் பார்க்கும் சேகரத்துக்கு இது சிறிய தொகை அல்ல.

வெள்ளிக்கிழமை வகுப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ராபர்ட் சேம்பர்ஸ் பரப்பிய பி.ஆர்.ஏ. முறை, அதாவது ஊர் மக்களே தங்கள் ஊரை வரைந்தும் வரிசைப்படுத்தியும் காட்டும் பங்கேற்பு மதிப்பீடு, திரையில் படமாக ஓடியது. பின்வரிசையில் பலர் தூங்கினார்கள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வீடு வீடாகப் போகச் சொன்னதுதான் குழுவின் பெரிய பிழை. உப்பளத்துக்குப் போகிறவர்கள் விடியுமுன்னே கிளம்பி நண்பகலுக்குப் பிறகே திரும்புவார்கள் என்பதை அவர்கள் விசாரிக்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. கிழவர்களும் குழந்தைகளுமே வீட்டில் இருந்தார்கள். கையில் கொடுத்த வினாத்தாளோ ஆங்கிலத்திலிருந்து பெயர்த்தது என்பது முதல் வரியிலேயே தெரிந்தது. "வாழ்வாதாரப் பாதிப்புத்தன்மை" என்றால் என்னவென்று கேட்கும் எங்களுக்கே புரியவில்லை. குடும்ப வருமானம் பற்றிய கேள்வி வந்ததும் ஒரு பாட்டி, "இத எழுதிக் குடுத்தா மருமகளுக்கு வர்ற ஆயிர ரூவாய நிப்பாட்டிருவாகளா?" என்று கேட்டார். மகளிர் உரிமைத் தொகைக்கு வருமான வரம்பு இருக்கும்போது, தாளும் பேனாவுமாக வாசலில் நிற்பவரிடம் யார் உண்மை சொல்வார்கள்?

மாலை நான்கு மணிக்கு வேப்பமரத்தடியில் நடந்ததுதான் கொடுத்த பணத்துக்கு ஈடு. பயிற்சியாளர் ஒரு டப்பா கோலப்பொடியைப் பெண்களிடம் கொடுத்து, ஊரை வரையச் சொல்லிவிட்டு விலகி நின்றார். தெருக்கள் வந்தன, குடிநீர்க் குழாய் வந்தது, தண்ணீர் தேங்கும் இடம் வளைந்த கோடாக வந்தது. ஆம்பிளைத் துணையில்லாத வீடுகளுக்கு ஓட்டுச்சில்லு வைத்தார்கள். ஆலயத்தை மறந்தே போய், நாங்கள் கேட்ட பிறகு ஓரமாக ஒரு கட்டம் போட்டார்கள். செயலாளரின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். எங்கள் போதகரான ஐயர் அங்கியோடு வந்து நின்றவரைக்கும், என்ன தேவை என்று கேட்டால் "ஜெபம் பண்ணிக்கோங்கய்யா" என்பதைத் தவிர வேறு பதிலே இல்லை. பயிற்சியாளர் அவரைத் தேநீர் குடிக்க அழைத்துப் போன பிறகே பேச்சு பிறந்தது. அந்தச் சாதுரியத்துக்குத் தனியாகவே மதிப்பெண் கொடுக்கலாம்.

பின்பு பன்னிரண்டு மாதங்களுக்குப் பன்னிரண்டு கல் வைத்து, எந்த மாதத்தில் கடன் கூடுகிறதோ அதற்கேற்பப் புளியங்கொட்டைகளைக் குவிக்கச் சொன்னார்கள். வடகிழக்குப் பருவமழை வந்தால் உப்பளத்தில் வேலை நின்றுவிடும். நாங்கள் ஆண்டுதோறும் கிறிஸ்துமஸுக்குச் சேலையும் அரிசியும் கொடுத்து வந்தோம். புளியங்கொட்டைகளோ அக்டோபர் கல்லின் மேல்தான் குவிந்திருந்தன. அந்த மாதத்தில் அளத்து முதலாளியிடம் வாங்கும் முன்பணம் அடுத்த ஆண்டுக் கூலியில் கழிவதால், எங்கள் டிசம்பர் அரிசி வந்து சேரும்போது அவர்கள் ஏற்கெனவே கட்டுப்பட்டிருக்கிறார்கள். மழைக்காலத்துக்கென உப்பளத் தொழிலாளருக்கு அரசு தரும் 5,000 ரூபாய் நிவாரணம், நல வாரியப் பதிவைப் புதுப்பிக்காததால் தங்களுக்கு வரவில்லை என்று சிலர் சொன்னார்கள். தையல் இயந்திரம் வாங்கிக் கொடுப்பதென்று கமிட்டி முன்பே தீர்மானம் போட்டு வைத்திருந்தது. அந்த மரத்தடியில் தையல் இயந்திரம் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. நல வாரிய விண்ணப்பத்தைப் பிழையில்லாமல் போட்டுக் கொடுக்க ஆள் வேண்டும் என்றே கேட்டார்கள்.

ஞாயிறு தொகுப்பு அவசரமாக முடிந்தது. இரண்டு மாதம் கழித்து வந்த அறிக்கை முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் வேண்டுமென்றால் கூடுதல் பணம் என்றார்கள். தங்கள் தெருவைப் பற்றிய அறிக்கையை அந்தத் தெருக்காரர்களே வாசிக்க முடியாதென்றால் அது யாருக்காக எழுதப்பட்டது என்று கேட்டுக் கடிதம் போட்டிருக்கிறோம், இன்னும் பதில் இல்லை.

அழைக்க நினைக்கும் சேகரங்கள் தமிழ் அறிக்கையை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும், களப்பணி நேரத்தை ஊர்க்காரர்களைக் கேட்டே குறிக்க வேண்டும், வினாத்தாளை வேண்டாமென்றே சொல்லிவிடலாம். ஓடைக்கு அப்பாலுள்ள குடியிருப்பில் இதையே தனியாக நடத்த, மரத்தடிப் பகுதிக்கு மட்டும் வருவீர்களா என்று கேட்டோம். 7,000 ரூபாய் சொல்கிறார்கள். கோலப்பொடி நாங்களே வாங்கிக்கொள்வதாகச் சொல்லிப் பேரம் பேசிக்கொண்டிருக்கிறோம்.