என்ஜின் வேலை முடிந்து வந்த அம்பாசிடரும் தலையில் கட்டப்பட்ட கார்புரேட்டரும்

பழைய அம்பாசிடர், பத்மினி வைத்திருப்பவர்கள், குறிப்பாக இப்போது என்ஜின் வேலைக்கு விட்டிருப்பவர்கள், இதை முழுசாகப் படித்துவிடுங்கள். வேலை முடிந்து வந்த வண்டி சரியாக ஓடவில்லை என்று திரும்பக் கொண்டுபோனால், பல இடங்களில் "கார்புரேட்டர் போச்சு சார், மாத்திடலாம்" என்பார்கள் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் பாகம் அது). உடனே தலையாட்டாதீர்கள். நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி வரிசையாக வைக்கச் சொல்லுங்கள். அதைப் பார்க்கும்வரை கார்புரேட்டரில் யாரும் கை வைக்க வேண்டாம்.

எங்களுடையது 1984 மாடல் மார்க் 4, பெட்ரோல், 1489 சிசி. அப்பா வாங்கிய வண்டி. ஆயில் குடிக்க ஆரம்பித்து, பின்னால் வருகிறவர்கள் திட்டும் அளவுக்குப் புகை வந்ததால், கோவையில் பழைய வண்டிகளுக்குப் பெயர்போன ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். பெயரை இங்கே எழுதவில்லை. போர் அடித்து (சிலிண்டரை உள்ளே கடைந்து) ஓவர்சைஸ் பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் புதுசு. வால்வு கிரைண்டிங்கும் செய்தார்கள். கேட்ட பணத்தைப் பேரம் பேசாமல் கொடுத்தேன். லேத் வேலையில் குறை சொல்ல மாட்டேன். பிறகு கம்ப்ரெஷன் பார்த்தபோது நான்கு சிலிண்டரும் ஒன்றுபோல இருந்தன.

வண்டி வீட்டுக்கு வந்ததிலிருந்தே தொல்லை. காலையில் சோக் (கார்புரேட்டருக்குள் போகும் காற்றைக் குறைக்கும் மூடி) இழுத்தால் ஒரே சுற்றில் ஸ்டார்ட் ஆகும், நன்றாகவே ஓடும். என்ஜின் சூடாகிச் சோக்கைத் தள்ளியதும் ஸ்லோவில், அதாவது ஆக்ஸிலேட்டர் மிதிக்காதபோது, நிற்காது. சிக்னலில் வண்டியே உதறும். ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று மிதித்தால் பிக்கப் இல்லாமல் ஒரு நொடி தொங்கி, கார்புரேட்டர் வாய்வழியாக 'டப்'பென்று திருப்பி அடிக்கும். சோக் போட்டால் சரியாக ஓடுகிறது, எடுத்தால் கெடுகிறது என்றால், காற்று அதிகமாகவும் பெட்ரோல் குறைவாகவும் போகிறது என்று அர்த்தம். அந்தக் காற்று எந்த வழியாக வருகிறது என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வியை ஒர்க்‌ஷாப்பில் யாருமே கேட்கவில்லை.

முதலில் கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திருகினார்கள். அப்புறம் ஏசி பம்பை (பெட்ரோல் பம்ப்) மாற்றினார்கள். அப்புறம் பெட்ரோலில் எத்தனால் கலப்பதுதான் காரணம் என்றார்கள். எத்தனாலில் பாதி உண்மை இருக்கிறது. E20 (20% எத்தனால் கலந்த) பெட்ரோலில் ஆக்ஸிஜன் கூடுதல் என்பதால், பழைய ஜெட்டில் (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் சிறு துளைப் பாகம்) கலவை கொஞ்சம் வறண்டுதான் போகும். பம்ப் டயாஃப்ரம், ஹோஸ் போன்ற பழைய ரப்பர் பாகங்களையும் அது ஊற வைத்துக் கெடுக்கும். ஆனால் பெட்ரோல்தான் காரணம் என்றால் நான்கு சிலிண்டருக்கும் ஒரே பாதிப்பு இருக்க வேண்டும். கடைசியில், "சோலெக்ஸ் கார்புரேட்டர் தேஞ்சு போச்சு சார். கம்பெனி பாக்ஸ் பீஸ் ஒண்ணு நம்மகிட்ட இருக்கு. உங்களுக்காக எடுத்து வெச்சேன்" என்றார் முதலாளி. விலை 7,500 ரூபாய். பாக்ஸ் எங்கே என்றதற்குக் கிழிந்துவிட்டது என்றார். பழையதைக் கேட்டதற்கு, "அது ஸ்கிராப்ல போயிடுச்சு சார்" என்று முடித்துவிட்டார்.

மாற்றிய பிறகு வண்டி ஸ்லோவில் நின்றது. பலரும் ஏமாறும் இடம் இதுதான். வியாதி அப்படியே இருக்க, அளவுக்கு மீறிப் பெட்ரோல் ஊற்றி அதை மூடி மறைத்திருந்தார்கள். சைலன்சரில் கறுப்புப் புகை, வண்டிக்குள் பெட்ரோல் வாடை. மைலேஜ் பாதாளத்துக்குப் போனது. ஆயில் கேஜை இழுத்து மோந்து பார்த்தால் பெட்ரோல் நெடி, ஆயில் மட்டமும் ஏறியிருந்தது. "புது என்ஜின் சார், ஓட ஓட செட் ஆகும்" என்றார்கள். அது பச்சைப் பொய். போர் அடித்த என்ஜினில் ரிங்குகள் சுவரோடு உராய்ந்து படிகிற காலம் முதல் சில நூறு கிலோமீட்டர்தான். அந்த நேரத்தில் எரியாத பெட்ரோல் சுவரில் இறங்கினால் ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு போய்விடும். கொஞ்ச நாள் அப்படியே ஓட்டியிருந்தால், செலவழித்த என்ஜின் வேலை முழுவதும் வீணாகியிருக்கும். 7,500 ரூபாயைவிட எனக்கு ஆத்திரம் இதில்தான்.

பொள்ளாச்சிப் பக்கம் அம்பாசிடரிலேயே காலம் தள்ளிய ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். பானெட்டைத் திறந்தவர் கார்புரேட்டர் பக்கம் திரும்பவே இல்லை. நான்கு பிளக்கையும் கழற்றி, சிலிண்டர் வரிசைப்படி ஒரு தினத்தாள்மேல் வைத்தார். ரேடியேட்டர் பக்கம் இருக்கிற ஒன்றும் இரண்டும் அடுப்புக்கரி மாதிரி கறுப்பு. மூன்றும் நான்கும் வெளிறி, கிட்டத்தட்ட வெள்ளையாக இருந்தன. நல்ல பிளக் பிஸ்கட் நிறத்தில் இருக்க வேண்டும்.

"தம்பி, கார்புரேட்டர் ஒண்ணுதானே இருக்கு? அது எப்படி முன்னாடி ரெண்டுக்கு ஒரு கணக்கு, பின்னாடி ரெண்டுக்கு ஒரு கணக்குன்னு ஊத்தும்?" என்றார்.

இந்த ஒரு கேள்விக்கு அம்பாசிடர் ஹெட்டிலேயே (சிலிண்டர்களின் மேல்மூடி) பதில் இருக்கிறது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்த பிஎம்சி பி சீரிஸ் என்ஜின் அது. நான்கு சிலிண்டருக்கு இன்லெட் துளை (கலவை உள்ளே போகும் வழி) இரண்டுதான். ஒன்றுக்கும் இரண்டுக்கும் சேர்த்து ஒரு வழி, மூன்றுக்கும் நான்குக்கும் சேர்த்து ஒரு வழி. அதனால் பின் ஜோடி மட்டும் வெளிறியிருந்தால், அந்த ஜோடிக்குப் போகும் வழியில்தான் வெளிக்காற்று நுழைகிறது. கார்புரேட்டர் அதற்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது.

என்ஜினை ஓடவிட்டு, ஆயில் கேனின் மூக்கால் மேனிஃபோல்டு (கார்புரேட்டரிலிருந்து கலவையைக் கொண்டுபோகும் குழாய்) ஹெட்டோடு சேரும் கோட்டில் சொட்டுச் சொட்டாக ஆயில் விட்டுக்கொண்டே வந்தார். முன்பக்கம் ஒன்றும் ஆகவில்லை. பின்பக்க மூட்டில் விட்டதும் ஆயில் உள்ளே இழுபட்டது, என்ஜின் சத்தம் சட்டென்று மாறியது, கொஞ்ச நேரத்தில் சைலன்சரில் நீலப்புகை வந்தது. இதே சோதனையைப் பெட்ரோல் ஊற்றிச் செய்கிறவர்களும் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். பக்கத்திலேயே எக்ஸாஸ்ட் கொதித்துக்கொண்டிருக்கிறது, பற்றிக்கொள்ளும்.

கழற்றிப் பார்த்தபோது காரணம் பளிச்சென்று தெரிந்தது. இந்த என்ஜினில் இன்லெட், எக்ஸாஸ்ட் இரண்டு மேனிஃபோல்டுகளின் காதுகளும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும், தடிமனான ஒரே வாஷர் இரண்டையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கும். என்ஜின் வேலையின்போது இன்லெட்டை மட்டும் லேத்தில் கொடுத்து முகம் சீவியிருக்கிறார்கள். அதன் காது எக்ஸாஸ்டைவிட மெலிந்துவிட்டது. நட்டை எவ்வளவு முறுக்கினாலும் வாஷர் எக்ஸாஸ்டின்மேல்தான் உட்காருகிறது. இன்லெட் பக்கம் இடைவெளி. புது பேக்கிங்கில் அந்த இடத்தில் அழுத்தத் தடமே இல்லை. பெரியவர் வாஷரில் எக்ஸாஸ்ட் பக்கத்தை மட்டும் அரத்தால் படிபோலத் தேய்த்து, புது பேக்கிங் போட்டு முறுக்கினார். வேலை அவ்வளவுதான். ஒர்க்‌ஷாப் செய்த தவறுக்கு ஒர்க்‌ஷாப்பே என்னிடம் கார்புரேட்டர் விற்றிருக்கிறது.

அந்த 'பாக்ஸ் பீஸை'யும் பிரித்துப் பார்த்தோம். மேலே அலுமினிய ஸ்ப்ரே, உள்ளே பழைய சாமான். திராட்டில் ஷாஃப்டை விரலால் ஆட்டினால் ஆடியது. அந்த இடுக்கு வழியாகவும் காற்று போகும். ஸ்க்ரூ தலைகள் எல்லாம் நசுங்கியிருந்தன. மெயின் ஜெட்தான் முக்கியம். சோலெக்ஸ் ஜெட்டில் துளையின் அளவு எண்ணாகப் பொறித்திருக்கும், 115 என்றால் 1.15 மில்லிமீட்டர். இதில் எண்ணைச் சுரண்டியிருந்தார்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் துளையின் உட்சுவரில் டிரில் ஓட்டிய வரிகள். பெரியவர் தன்னிடம் இருந்த ஒரு சோலெக்ஸுக்குப் புஷ் அடித்து, எண் தெரிகிற ஜெட் போட்டு மாட்டிக்கொடுத்தார். ஆயிலை மாற்றினோம். இப்போது நான்கு பிளக்கும் ஒரே நிறம்.

அவர் சோதிக்கும் வரிசையையும் சொல்லிவிடுகிறேன். முதலில் கம்ப்ரெஷன். பிறகு டேப்பட் (வால்வு இடைவெளி), பி சீரிஸுக்கு 0.015 இஞ்ச். ஹெட் நட்டுகளைக் கொஞ்ச தூரம் ஓடியதும் மறுபடி முறுக்கி டேப்பட்டையும் மறுபடி பார்க்க வேண்டும், இதைச் செய்யாமலே டெலிவரி கொடுப்பவர்கள் நிறைய. அப்புறம் பாயிண்ட் இடைவெளி, கண்டென்சர், டைமிங். அப்புறம் காற்றுக் கசிவு. இவ்வளவும் சரி என்றால்தான் கார்புரேட்டர்.

வண்டியை விடும்போது கார்புரேட்டரை நாலு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். முடிந்தால் ஜெட் எண்களையும். மாற்றும் பாகம் எதுவானாலும் பழையது கைக்கு வர வேண்டும் என்று முன்கூட்டியே வாட்ஸப்பில் எழுதிப் பதில் வாங்குங்கள். எனக்குக் கிடைத்தது துண்டுச் சீட்டுதான். பணம் ஜிபேயில் போனதாலும் பேச்சு முழுவதும் வாட்ஸப்பில் இருப்பதாலும் ஆதாரம் கையில் இருக்கிறது. முதலாளியிடம் பணத்தைக் கேட்டேன், "போட்ட பீஸை எடுத்துக்கிட்டு வேற பீஸ் தர்றேன், காசு கிடையாது" என்றார். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. அதற்கு முன் 1915 என்ற உதவி எண்ணிலும் பதிவு செய்யலாம். நான் பதிந்துவிட்டேன், ஆணையத்துக்கான மனுவும் தயாராகிறது.

கோவை, திருப்பூர் பக்கம் பழைய சோலெக்ஸ் வாங்குகிறவர்கள் ஒரு உதவி செய்யுங்கள். ஸ்கிராப்பில் போனதாகச் சொன்ன என் பழைய கார்புரேட்டரில் ஃபுளோட் சேம்பர் மூடியின் ஓரத்தில், ஸ்க்ரூ துளைக்குப் பக்கத்தில், பஞ்ச் வைத்து அடித்த மூன்று புள்ளிகள் இருக்கும். அப்பா அடித்தது. கண்ணில் பட்டால், விற்கிறவரிடம் எங்கிருந்து வந்தது என்று கேட்டு எனக்கு ஒரு தகவல் சொல்லுங்கள்.