ஒரே கணக்கில் தொடங்கிய இரண்டு அணிகள்: 2024 இல் வாஷிங்டனும் நியூ இங்கிலாந்தும்

அமெரிக்கக் கால்பந்தின் தேசிய லீக்கில் 2023 சீசன் முடிந்தபோது வாஷிங்டன் கமாண்டர்ஸ் அணியும் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணியும் ஒரே கணக்கில் நின்றன: 17 ஆட்டங்கள், 4 வெற்றி, 13 தோல்வி. 2024 ஜனவரியில் இரண்டு அணிகளிலும் தலைமைப் பயிற்சியாளரின் நாற்காலி காலியானது. கல்லூரி வீரர்களை அணிகள் வரிசைமுறையில் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் ஏப்ரலில் டெட்ராய்ட் நகரில் நடந்தது; அதில் வாஷிங்டன் இரண்டாவது தேர்வாக ஜேடன் டேனியல்ஸையும், அதற்கு அடுத்த தேர்விலேயே நியூ இங்கிலாந்து டிரேக் மேயையும் எடுத்துக்கொண்டன. இருவரும் பந்தை வீசித் தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக்குகள், இருவரையும் நம்பித்தான் அந்தந்த அணி தன் அடுத்த பத்து ஆண்டுகளைத் திட்டமிட்டது. ஓராண்டு கழித்து வாஷிங்டன் 12 வெற்றி, 5 தோல்வியுடன் லீக்கின் இரு பெரும் பிரிவுகளுள் ஒன்றான என்.எஃப்.சி.யின் இறுதிப் போட்டிவரை சென்றிருந்தது. நியூ இங்கிலாந்து மறுபடியும் அதே 4 வெற்றி, 13 தோல்வியில் நின்றது.

புதிய தலைமையின் முதல் சீசனை எடைபோடும்போது பெரும்பாலும் தொடக்கப்புள்ளிகள் வேறுபடும். ஒருவருக்கு நல்ல அணி வாய்த்தது, மற்றவருக்கு வாய்க்கவில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். இங்கே அதற்கு அதிக இடமில்லை. ஆகவேதான், வெளியிலிருந்து அனுபவசாலி ஒருவரை அழைத்து வந்து வீட்டையே மாற்றிக் கட்டுவதா, உள்ளேயே வளர்ந்த ஒருவரை முடிசூட்டிவிட்டு வீட்டை இருந்தபடியே விட்டுவைப்பதா என்ற கேள்விக்கு இந்த இரண்டு அணிகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயன்தரும் என்று நினைக்கிறேன்.

வாஷிங்டனில் மாற்றம் மேலிருந்து தொடங்கியது. 2023 ஜூலையில் ஜோஷ் ஹாரிஸ் தலைமையிலான குழு, டேன் ஸ்னைடரிடமிருந்து அணியை 605 கோடி டாலருக்கு வாங்கியிருந்தது. அந்த சீசன் முடிந்ததும் பயிற்சியாளர் ரான் ரிவேராவை நீக்கிய ஹாரிஸ், ஆள் தேடும் பொறுப்பில் தனக்கு ஆலோசனை கூற, கூடைப்பந்தில் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியைக் கட்டிய பாப் மையர்ஸையும், மினசோட்டா வைக்கிங்ஸின் முன்னாள் பொது மேலாளர் ரிக் ஸ்பீல்மனையும் அமர்த்திக்கொண்டார். முதலில் சான் பிரான்சிஸ்கோ அணியிலிருந்து ஆடம் பீட்டர்ஸ் பொது மேலாளராக வந்தார். அதன் பிறகே பயிற்சியாளரைத் தேடினார்கள். பலரும் எதிர்பார்த்த, டெட்ராய்ட் அணியின் தாக்குதல் பயிற்சியாளர் பென் ஜான்சன் அங்கேயே தங்கிவிட, பிப்ரவரி முதல் நாள் டேன் குவின் தேர்வானார். அன்று ரசிகர்கள் பலருக்கு அது ஏமாற்றமாகவே இருந்தது. அட்லாண்டா அணியை லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல்வரை கொண்டுசென்று, 28-3 என்ற முன்னிலையை இதே நியூ இங்கிலாந்திடம் பறிகொடுத்தவர் என்பதுதான் அவரைப் பற்றிப் பலரும் நினைவில் வைத்திருந்த செய்தி. ஆனால் 2020 இல் அட்லாண்டா அவரை நீக்கிய பிறகு, தன்னுடன் பணியாற்றியவர்களிடமே தன் குறைகளைக் கேட்டுத் தெரிந்துகொண்டதாக அவர் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். டாலஸில் மூன்று சீசன்கள் தற்காப்புப் பயிற்சியாளராக இருந்துவிட்டு வந்த அந்த மனிதர், தோல்வி எப்படி வரும் என்று தெரிந்தவர்.

நியூ இங்கிலாந்தில் தேடலே நடக்கவில்லை. 24 சீசன்கள், ஆறு சூப்பர் பவுல் வெற்றிகள் என்ற வரலாற்றுடன் பில் பெலிச்சிக் ஜனவரி 11 அன்று விலகினார்; மறுநாளே ஜெரோட் மேயோ தலைமைப் பயிற்சியாளரானார். உரிமையாளர் ராபர்ட் கிராஃப்ட் அவருடைய முந்தைய ஒப்பந்தத்திலேயே வாரிசுரிமையை எழுதி வைத்திருந்ததால், வேறு எவரையும் நேர்காணல் செய்ய வேண்டிய தேவை எழவில்லை. மேயோ 2008 முதல் 2015 வரை அந்த அணிக்கே லைன்பேக்கர் எனும் தற்காப்பு இடத்தில் ஆடியவர்; 2019 முதல் அங்கேயே பயிற்சியாளர்களில் ஒருவர். நியமனத்தின்போது அவருக்கு வயது 37. அந்த அணியின் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் என்ற பெருமையும் அவருடையது. வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பும் வெளியாருக்குப் போகவில்லை. ஏற்கெனவே அலுவலகத்தில் இருந்த எலியட் வுல்ஃப் அதை ஏற்றுக்கொண்டார்.

உள்ளிருந்து ஒருவரை உயர்த்துவதில் இயல்பாகவே தவறு எதுவும் இல்லை. தவறு நேர்ந்தது, முதன்முறையாகத் தலைமைப் பொறுப்பேற்கும் ஒருவரைச் சுற்றி, அதே பொறுப்பை முன்பு வகித்துப் பழகிய முதிர்ந்தவர்கள் போதிய அளவில் இல்லாமல் விட்டதில்தான் என்பது என் கருத்து. தாக்குதல் ஆட்டத்துக்கு அலெக்ஸ் வான் பெல்ட்டும் தற்காப்புக்கு டிமார்கஸ் கோவிங்டனும் வந்தார்கள். இருவருமே அதற்கு முன் இந்த லீக்கில் தலைமைப் பயிற்சியாளராக முழு சீசன் ஒன்றை நடத்தியவர்கள் அல்லர். வாஷிங்டனிலோ தாக்குதல் ஆட்டத்தை வகுத்தவர், அரிசோனாவில் நான்கு சீசன்கள் தலைமைப் பயிற்சியாளராக இருந்த கிளிஃப் கிங்ஸ்பரி. குவினுக்கு ஐயம் வந்தால் பக்கத்து அறையிலேயே கேட்டுக்கொள்ளலாம்.

வீரர்களை வாங்கிய விதத்திலும் இதே வேறுபாடு தெரிந்தது. பீட்டர்ஸ் பெரும்பாலும் குறுகிய ஒப்பந்தங்களில் அனுபவசாலிகளைக் கூட்டி வந்தார். சியாட்டிலில் குவினிடம் ஆடிய பாபி வாக்னர், அரிசோனாவில் கிங்ஸ்பரியிடம் ஆடிய சாக் எர்ட்ஸ், மேலும் ஆஸ்டின் எக்கலர், ஃபிராங்கி லுவூ, டைலர் பியாடாஷ் என அந்தப் பட்டியல் நீண்டது. இவர்களுள் பலர் உச்சத்தைக் கடந்தவர்கள்தாம். ஆனாலும் புதிய பயிற்சியாளர் என்ன சொல்வார், எதை எதிர்பார்ப்பார் என்பதை முன்பே அறிந்தவர்கள் உடை மாற்றும் அறையில் இருந்தால், 23 வயது இளைஞனுக்கு அங்கே பாதி வேலை குறைந்துவிடும். எர்ட்ஸ் அந்த சீசனில் 7 டச்டவுன் (எதிரணியின் கோல் எல்லைக்குள் பந்தைச் சேர்த்து எடுக்கும் ஆறு புள்ளி) பிடித்தார். அட்லாண்டாவைக் கூடுதல் நேரத்தில் 30-24 என வீழ்த்தி பிளேஆஃப் (வெளியேற்றுச் சுற்று) இடத்தை உறுதிசெய்த பந்தும் அவர் கையில்தான் விழுந்தது.

நியூ இங்கிலாந்திடம் பணத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் அதில் பெரும்பகுதி கைல் டக்கர், மைக் ஒன்வேனு, ஹண்டர் ஹென்றி போன்ற, முந்தைய ஆண்டு 4 ஆட்டங்கள் மட்டுமே வென்ற அணியின் வீரர்களைத் தக்கவைப்பதற்கே சென்றது. குவார்ட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசைதான் அந்த அணியின் ஆறாத புண். அந்த முன்வரிசையில் இடது டேக்கிள் இடத்துக்குக் கொண்டுவரப்பட்ட சுக்வுமா ஒகோராஃபோர் முதல் ஆட்டத்தோடு அணியைவிட்டு விலகினார். அதன் நடுவில் நிற்கும் சென்டர் டேவிட் ஆண்ட்ரூஸ் தோள் காயத்தால் அக்டோபருக்குள் வெளியேறினார். டிராஃப்டின் இரண்டாம் சுற்றில் தன் 34 ஆம் தேர்வைச் சார்ஜர்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டு, 37 ஆம் தேர்வில் பந்து பிடிக்கும் வீரர் ஜாலின் போக்கை எடுத்தார்கள். சார்ஜர்ஸ் அந்த 34 ஆம் தேர்வில் எடுத்த லேட் மெக்கான்கி முதல் சீசனிலேயே 1,149 யார்டு குவித்தார். போக் குவித்தது 87 யார்டு.

இந்த இரண்டு சீசன்களையும் புரிந்துகொள்ள, ஒரு வார இடைவெளியில் நடந்த இரண்டு கடைசி நொடிகளை மட்டும் பார்த்தால் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அக்டோபர் 27. வாஷிங்டன் சிகாகோவிடம் 15-12 எனப் பின்தங்கியிருக்கிறது. மிச்சமிருப்பது ஒரே ஒரு முயற்சி. முந்தைய வாரம் விலா எலும்பில் அடிபட்டதால் டேனியல்ஸ் ஆடுவாரா என்பதே கடைசிவரை ஐயமாக இருந்தது. பந்து கைக்கு வந்ததும் அவர் பின்வாங்குகிறார், ஒருபுறம் ஓடுகிறார், திரும்பி மறுபுறம் ஓடுகிறார், தன் முழு உடலையும் செலுத்தி பந்தை உயரத் தூக்கி எறிகிறார். அந்த முயற்சி தொடங்கிய கணத்தில் சிகாகோவின் டைரிக் ஸ்டீவன்சன் பார்வையாளர்களைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டிருந்தார். பதறி ஓடிவந்து கூட்டத்தில் குதித்த அவர் கையில் பட்டே பந்து பின்னால் தெறித்தது. அங்கே தனியாக நின்றிருந்த நோவா பிரவுன் அதைப் பிடித்துக்கொண்டார். 52 யார்டு டச்டவுன், 18-15.

நவம்பர் 3, நாஷ்வில். நியூ இங்கிலாந்து டென்னசியிடம் 17-10 எனப் பின்தங்கியிருக்கிறது. இங்கும் மிச்சமிருப்பது ஒரே ஒரு முயற்சி. மேய் ஏறத்தாழ 12 நொடிகள் பந்துடன் சுற்றிச்சுற்றி ஓடி, பிடிக்க வந்தவர்களிடமிருந்து நழுவி, கோல் எல்லைக்குள் நின்ற ரமான்ட்ரே ஸ்டீவன்சனிடம் சேர்த்தார். திறமையை மட்டும் அளந்தால் டேனியல்ஸின் வீச்சுக்கு இது எந்த வகையிலும் குறைந்ததல்ல. இப்போது இரண்டு புள்ளிக்கு முயன்றால் அங்கேயே வெற்றியோ தோல்வியோ தெரிந்துவிடும். மேயோ ஒரு புள்ளி உதையைத் தேர்ந்தெடுத்து ஆட்டத்தைக் கூடுதல் நேரத்துக்குக் கொண்டுபோனார். அங்கே டென்னசி ஃபீல்டு கோல் அடித்தது, மேயின் பந்து எதிராளி கையில் சிக்கியது, 20-17 எனத் தோற்றார்கள். அந்த முடிவை முட்டாள்தனம் என்று நான் சொல்லமாட்டேன். பெரும்பாலான பயிற்சியாளர்கள் அதையேதான் செய்வார்கள். ஆனால் வெல்லும் பழக்கம் இன்னும் வராத ஓர் அணிக்கு, வெற்றிக்கு 2 யார்டு தொலைவில் நிற்கும் அந்த வாய்ப்பு அடிக்கடி கிடைப்பதில்லை.

வாஷிங்டன் அந்த வகையில் துணிந்த அணி. வழக்கமான சீசனில் நான்காவது டவுனில் (10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளுள் கடைசியில்) 23 முறை முயன்று 20 முறை வெற்றி கண்டது. செப்டம்பரில் சின்சினாட்டியில் நடந்த 38-33 ஆட்டத்தில் டேனியல்ஸ் 23 வீச்சுகளில் 21 ஐத் துல்லியமாகச் சேர்த்தார். இரு அணிகளும் ஒருமுறைகூடப் பந்தை உதைத்துத் திருப்பிக் கொடுக்கவில்லை. நவம்பரில் மூன்று ஆட்டங்களைத் தொடர்ச்சியாக இழந்தபோது பலரும் குமிழி உடைந்துவிட்டது என்றே நினைத்தார்கள். அதன்பின் அந்த அணி கடைசி ஐந்து ஆட்டங்களையும் வென்றது. பிளேஆஃபில் டாம்பா பேயை 23-20 என வென்றது 2005 சீசனுக்குப் பிறகு கிடைத்த முதல் பிளேஆஃப் வெற்றி. அடுத்து, 15 வெற்றிகளுடன் முதலிடம் பிடித்திருந்த டெட்ராய்ட்டை அதன் சொந்த மைதானத்திலேயே 45-31 என வீழ்த்தினார்கள். ஃபிலடெல்ஃபியாவிடம் 55-23 எனச் சரிந்த நாளை மறைக்க வேண்டியதில்லை. அணியின் தற்காப்பு இன்னும் முதிரவில்லை என்பதை அது காட்டியது. ஆயினும் 2023 இல் லீக்கிலேயே மிக அதிகமாக 518 புள்ளிகளை விட்டுக்கொடுத்த அணி 2024 இல் 391 மட்டுமே விட்டுக்கொடுத்தது.

நியூ இங்கிலாந்தில் இது தலைகீழாக நடந்தது. தற்காப்பு வீரராகப் பெயர் பெற்றவர் பயிற்சியாளரான பின்பும், விட்டுக்கொடுத்த புள்ளிகள் 366 இலிருந்து 417 ஆக உயர்ந்தன. அக்டோபரில் லண்டனில் ஜாக்சன்வில்லிடம் 32-16 எனத் தோற்றபின் மேயோ தன் அணியே மென்மையானது என்று பொதுவெளியில் சொன்னார். டிசம்பரில் அரிசோனாவில், குறுகிய தூரத்தில் மேயையே ஓடவிட்டிருக்கலாமே என்ற கேள்விக்கு, அதைச் சொன்னது நீங்கள்தான், நான் அல்ல என்ற பொருள்பட அவர் அளித்த பதில், தன் தாக்குதல் பயிற்சியாளரைக் கைகாட்டுவதாகவே எடுத்துக்கொள்ளப்பட்டது. மறுநாள் விளக்கம் கொடுக்க நேர்ந்தது. பேச்சில் நிதானம் என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்து பழகிய பிறகே வருகிறது. அந்தப் பழக்கத்துக்கு அவருக்கு ஒரே ஒரு சீசன்தான் கிடைத்தது என்பதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. பலவீனமான அணியை அவர் கையில் கொடுத்தவர்கள் அதே அலுவலகத்தில் தொடர்ந்தார்கள்.

எல்லாம் குவார்ட்டர்பேக்கின் வேறுபாடுதான் என்று வாதிடுபவர்களை எளிதில் ஒதுக்க முடியாது. கல்லூரியில் ஐந்து ஆண்டுகள் ஆடி 55 ஆட்டங்களைத் தொடங்கிய டேனியல்ஸ், 21 வயதில் வந்த மேயைவிடத் தயாராக இருந்தார். அவர் 3,568 யார்டு வீசி, 891 யார்டு ஓடி, ஆண்டின் சிறந்த புதிய தாக்குதல் வீரர் விருதைப் பெற்றார். மேய் முதல் ஐந்து ஆட்டங்களில் ஜகோபி பிரிசெட்டுக்குப் பின்னால் காத்திருந்துவிட்டு 2,276 யார்டு வீசினார். ஆனால் 2025 இல், அந்த அணியின் பழைய வீரராகவும் டென்னசியில் ஆறு சீசன்கள் தலைமைப் பயிற்சியாளராகவும் இருந்த மைக் வ்ரேபிளின் கீழ், ஜாஷ் மெக்டேனியல்ஸின் துணையோடு, அதே மேய் லீக்கிலேயே மிகத் துல்லியமாக வீசினார். அணி 14 வெற்றி, 3 தோல்வியுடன் முடித்து சூப்பர் பவுல்வரை சென்றது. வீட்டுப்பிள்ளை என்பது குறையாக இருந்திருந்தால் வ்ரேபிளும் தடுமாறியிருக்க வேண்டும். வெளியில் ஒருமுறை விழுந்து எழுந்துவிட்டு வந்த வீட்டுப்பிள்ளை அவர்.

அதே 2025 இல் டேனியல்ஸ் காயங்களால் 7 ஆட்டங்களில் மட்டுமே ஆட, வாஷிங்டன் 5 வெற்றி, 12 தோல்வியில் விழுந்தது. முதல் ஆண்டில் தாங்கிப்பிடித்த முதியவர்களுக்கு இரண்டாம் ஆண்டில் ஒரு வயது கூடியிருந்தது. பீட்டர்ஸின் வழிக்குரிய விலை அது. ஆகவே முதல் சீசனை மட்டும் வைத்து எந்தத் தலைமைக்கும் நான் முழுச் சான்று கொடுக்கமாட்டேன். ஆனால் அந்த ஒரு சீசனில் யார் வழி சரியாக இருந்தது என்றால், தயங்காமல் வாஷிங்டன் என்பேன்.

மேயோவின் கடைசி ஆட்டம் 2025 ஜனவரி 5 அன்று நடந்தது. முன்னணி வீரர்களுக்கு ஓய்வளித்த பஃபலோவை நியூ இங்கிலாந்து 23-16 என வென்றது. தோற்றிருந்தால் கிடைத்திருக்கும் டிராஃப்டின் முதல் தேர்வு கைநழுவி, நான்காம் இடத்துக்கு இறங்கியது. அன்றே அவரை நீக்கினார்கள். அந்த நான்காம் தேர்வில் வந்தவர் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் இடது டேக்கிள் வில் கேம்பெல். கல்லூரியில் இரண்டு சீசன்கள் ஜேடன் டேனியல்ஸின் முன்னால் நின்று காத்தவர் அவர்தான்.