மார்கழி மரங்களுக்கு எச்பி5 பிளஸ் சரிவருமா?

இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ் என்ற கறுப்பு வெள்ளை ஃபிலிமைப் புகழ்ந்து இணையத்தில் இருப்பதில் பாதிக்கு மேல் பனி கொட்டும் ஊர்க்காரர்கள் எழுதியது. அங்கே குளிர்காலத்தில் மரம் மொத்தமாக மொட்டையாகிவிடும், தரையும் வெள்ளை வானமும் வெள்ளை, நடுவில் கறுப்பாகக் கிளை, எந்த ஃபிலிமைப் போட்டாலும் படம் வந்துவிடும். நம்ம புதுச்சேரியில் மார்கழி வந்தாலும் வேம்பும் பூவரசும் பச்சையாகத்தான் நிற்கும். இங்கே இதை வாங்கலாமா என்று கேட்டால், வாங்கலாம் என்பேன். ஆனால் டப்பாவில் போட்டிருக்கிறபடியே எடுத்து, அப்படியே கழுவினால் சப்பென்று இருக்கும்.

முதலில் மரம். இங்கே குளிர்காலத்தில் இலை கொட்டுகிற மரங்கள் கொஞ்சம்தான், ஆனால் கொட்டுகிறவை நன்றாகக் கொட்டும். கடலூரிலிருந்து பண்ருட்டிப் பக்கம் போனால் வயலோரத்தில் இலவ மரம் கண்ணில் படும். கிளைகள் தண்டிலிருந்து செங்கோணத்தில், தட்டுத்தட்டாக நீட்டிக்கொண்டிருக்கும், இளம் மரமாக இருந்தால் தண்டு முழுக்க முள். ஒதிய மரமும் தை, மாசியில் ஒரு இலை இல்லாமல் நிற்கும், யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள், படத்தில் அதன் பட்டை அவ்வளவு அழகு. அப்புறம் கடற்கரைப் பக்கத்துத் தெருக்களில் நாட்டுப் பாதாம். இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது, இந்த ஃபிலிம் உங்களைச் சோதிப்பதும் இதில்தான்.

பாதாம் இலை உதிர்வதற்கு முன் சிவக்கும். ஒரே கிளையில் பாதி பச்சை, பாதி ரத்தச் சிவப்பு. கண்ணுக்கு அது திருவிழா, எச்பி5-க்கு ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே சாம்பல். லென்ஸில் சிவப்பு ஃபில்டரைப் போடுங்கள், கதையே மாறிவிடும்: சிவந்த இலை வெளிறி வெள்ளையாக எழும், பச்சை இலை இருண்டு பின்னால் போய்விடும், நரம்பு ஒவ்வொன்றும் தெரியும். ஆனால் சிவப்பு ஃபில்டர் மூன்று ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்றுவிடும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகிவிடும்), அதாவது 400 வேக ஃபிலிம் 50 ஆகிவிடும் (எண் குறையக் குறைய அதிக வெளிச்சம் வேண்டும்), காலை ஆறரை மணிக்கு டிரைபாட் இல்லாமல் நடக்காத காரியம். மஞ்சள் ஃபில்டருக்கு ஒரு ஸ்டாப் போதும், ஆனால் இலை விஷயத்தில் இந்த வித்தியாசம் வராது. மேகம் மூடிய வெள்ளை வானத்தை எந்த ஃபில்டரும் கறுப்பாக்காது, நீல வானம் இருந்தால்தான் அந்த வேலை நடக்கும்.

சரி, சப்பென்று இருக்கும் என்றேனே, அதற்கு வருகிறேன். எச்பி5 இயல்பிலேயே கான்ட்ராஸ்ட், அதாவது கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வித்தியாசம், குறைந்த ஃபிலிம். மே மாத மத்தியான வெயிலில் அது வரம், நிழலும் வெளிச்சமும் ரெண்டும் தங்கும். ஊசுட்டேரிக் கரையில் காலைப் பனிமூட்டத்தில் அதே குணம் தொந்தரவு, காட்சியிலும் கான்ட்ராஸ்ட் இல்லை, ஃபிலிமிலும் இல்லை, பிரிண்ட் கஞ்சித்தண்ணி மாதிரி வரும். நான் பனிமூட்டத்துக்கென்று ஒரு ரோலைத் தனியாக ஒதுக்கி, கேமராவில் வேகத்தை 800 என்று வைத்து எடுத்து, கான்ட்ராஸ்ட் ஏறக் கூடுதல் நேரம் டெவலப் செய்கிறேன். ஐடி-11 என்ற டெவலப்பர் மருந்தில் மேற்கொண்டு தண்ணீர் கலக்காமல் 20 டிகிரியில் 400-க்கு ஏழரை நிமிடம், 800-க்கு பத்தரை நிமிடம் என்று இல்ஃபோர்டே கொடுத்திருக்கிறது. நம்ம மாடித் தொட்டித் தண்ணீர் மார்கழியில்கூட 20 டிகிரிக்கு இறங்குவதில்லை, ஐஸ் கட்டியைப் பாலிதீன் பையில் கட்டி மருந்து ஜாடியைச் சுற்றிப் போட்டு இறக்குங்கள். நேராக மருந்துக்குள் போட்டால் மருந்து நீர்த்துவிடும்.

வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் விஷயத்தில் ஒரே வரி: வானத்தைப் பார்த்துக் கணக்குப் போடவிடாதீர்கள், தண்டுக்குக் கிட்டே போய் அளந்து, பட்டையில் வரிகள் தெரியுமளவுக்கு ஒரு ஸ்டாப் குறைத்து வையுங்கள்.

குறை என்றால் கிரெயின், படத்தில் தெரியும் பொடிப்புள்ளிகள். கிளைகளில் தெரியாது, வெற்று வானத்தில் தெரியும், பெரிதாகப் பிரிண்ட் போட்டால் இன்னும் தெரியும். எனக்குப் பிடிக்கும். பிடிக்காதவர்கள் அதே கம்பெனியின் எஃப்பி4 பிளஸ் போடலாம், 125 வேகம்தான், டிரைபாட் கட்டாயம். விலை குறைவு என்று கென்ட்மியர் 400 வாங்குகிறவர்கள் உண்டு, அதுவும் இல்ஃபோர்ட் ஃபிலிமைச் செய்யும் ஹார்மன் கம்பெனியின் தயாரிப்பே. ஆனால் வெள்ளை வானத்துக்கு எதிரே மெல்லிய சுள்ளிகளை எடுத்தபோது ஓரங்களில் ஒரு ஒளி கசிந்து சுள்ளி கரைந்த மாதிரி இருந்தது, மரத்துக்கு அது வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

எச்பி5 36 படச் சுருள் ஆயிரம் ரூபாயை ஒட்டி வருகிறது, கழுவ, ஸ்கேன் செய்ய எல்லாம் தனி. ஊட்டியில் 1960-ல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிம் போட்டுக்கொண்டிருந்த நாட்டில், இப்போது ஒவ்வொரு சுருளும் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வர வேண்டியிருக்கிறது, வயிறு எரியத்தான் செய்கிறது.

ஒரு லேபுக்கு அனுப்பினேன், பெயர் வேண்டாம். அவர்கள் ஸ்கேனில் கான்ட்ராஸ்டை ஏற்று ஏற்று என்று ஏற்றி, ஒதிய மரத்தின் பட்டையை வெறும் கறுப்புக் கட்டையாக்கி அனுப்பிவிட்டார்கள். நெகட்டிவைப் பார்த்தால் வரிகள் அத்தனையும் பத்திரமாக இருக்கின்றன. அனுப்பும்போதே 'கான்ட்ராஸ்ட் ஏற்ற வேண்டாம், பெரிய ஃபைலாகக் கொடுங்கள்' என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

வாங்கியதை ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஆனால் எடுத்தவுடனே டப்பாவைத் திறக்காதீர்கள், நம்ம கடற்கரைக் காற்றில் உடனே வேர்த்துவிடும், ராத்திரியே வெளியே எடுத்து வைத்தால் விடியற்காலைக்குச் சரியாக இருக்கும்.