ஜிஆர்இ பயிற்சி: முழு மாதிரித் தேர்வா, பகுதிப் பயிற்சியா?

மேற்படிப்புச் சேர்க்கைக்கு எழுதும் ஜிஆர்இ தேர்வு நெருங்க நெருங்க வரும் குழப்பம் இது. தினமும் ஒரு முழுத் தேர்வு எழுதுவதா, தடுமாறும் பகுதியை மட்டும் எடுத்து விடாமல் போட்டுப் பார்ப்பதா?

நேரம்
முழுத் தேர்வு: 2023 செப்டம்பரில் சுருக்கிய பிறகு 1 மணி 58 நிமிடம். எழுதி முடித்தபின் பிழைகளை அலசவும் கிட்டத்தட்ட அதே நேரம் வேண்டும்.
பகுதிப் பயிற்சி: முதல் கணக்குப் பகுதி என்றால் 12 கேள்வி, 21 நிமிடம். வேலைக்குப் போகிறவருக்கும் கட்டுப்படியாகும்.

எது தெரியவரும்
முழுத் தேர்வு: வேகமும் களைப்பும். முதல் கணக்குப் பகுதியை எப்படிச் செய்தோம் என்பதைப் பொறுத்தே இரண்டாவதன் கடினம் அமையும். அந்த அழுத்தம் வேறெங்கும் கிடைக்காது.
பகுதிப் பயிற்சி: எங்கே, ஏன் சறுக்குகிறோம் என்பது. இரண்டு அளவுகளை ஒப்பிடும் கேள்வியில் x-க்குப் பதில் 2, 3 என்று மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு, பூஜ்ஜியம், பின்னம், மைனஸ் எண்களை மறந்துவிடுவோம். இந்தப் பழக்கம் ஒரே வகைக் கணக்கை அடுத்தடுத்துப் போட்டால்தான் கண்ணில் படும். மதிப்பெண் ஏறுவது பெரும்பாலும் இங்கேதான்.

கையிருப்பு
தேர்வை நடத்தும் இடிஎஸ் இலவசமாகத் தரும் பவர்பிரெப் ஆன்லைன் முழு மாதிரித் தேர்வுகள் 2 மட்டுமே. தயவுசெய்து அவற்றை ஆரம்பத்திலேயே தீர்த்துவிடாதீர்கள்.

அடிப்படை ஆட்டம் காண்பவர்களுக்குப் பகுதிப் பயிற்சி. தனித்தனியாகச் சரியாகப் போட்டும் நேரம் போதாமல் தவிப்பவர்களுக்கு முழுத் தேர்வு. அதுவும் வாரம் ஒன்று போதும்.