ஜீத்தா, ஷாம்ப்ர் தோத்தா? தோர்தோன் பக்கம் குடும்பத்தோடு தங்க

பிள்ளைகளோடு பிரான்ஸின் தென்மேற்கே இருக்கும் தோர்தோன் பக்கம் போகிறோம், எங்கே தங்கலாம் என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் வீட்டில் சமைப்பது யார்?

ஜீத் என்றால் முழு வீடு. அடுப்பு, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், தோட்டம், அதிர்ஷ்டம் இருந்தால் நீச்சல்குளம். ஜூலை, ஆகஸ்டில் பெரும்பாலும் சனி முதல் சனி வரை வாரக் கணக்கில்தான் தருவார்கள். படுக்கை விரிப்பு, கடைசி நாள் துப்புரவு இதற்கெல்லாம் தனிக் காசு கேட்பதுண்டு. 1955இல் தொடங்கிய ஜீத் தெ பிரான்ஸ் அமைப்பு, நட்சத்திரத்துக்குப் பதில் கோதுமைக் கதிர் போட்டுத் தரம் பிரிக்கிறது. எனக்கு மூன்று கதிரே தாராளம்.

ஷாம்ப்ர் தோத்தில் வீட்டுக்காரர் கூடவே இருப்பார். நமக்கு அறை மட்டும். சட்டப்படி 5 அறை, 15 பேருக்கு மேல் கூடாது. விரிப்பும் காலை உணவும் வாடகையிலேயே அடக்கம். நாங்கள் தங்கிய வீட்டில் நீள மேசை, அக்ரூட் கேக், அவர்களே காய்ச்சிய ஆப்ரிகாட் ஜாம். என் மனைவி இரண்டாவது காபியை ஆற அமரக் குடித்ததை அன்றுதான் பார்த்தேன். ஆனால் சின்னவன் ஸ்பூனால் கிண்ணத்தில் தாளம் போட ஆரம்பித்ததும் எதிரே இருந்த தம்பதி நிமிர்ந்து பார்த்தார்கள். அப்புறம் எங்களுக்கு எதுவும் தொண்டையில் இறங்கவில்லை.

முன்கூட்டியே சொன்னால் சில வீடுகளில் இரவுச் சாப்பாடும் உண்டு. எல்லோருக்கும் ஒரே மெனு. சைவக்காரர்கள் உஷார்: பெரிகோர் (தோர்தோனின் பழைய பெயர்) வாத்து தேசம். இங்குள்ள சார்லா ஊரின் பெயரில் சார்லா உருளைக்கிழங்கு என்று அப்பாவியாக வருவதும் வாத்துக் கொழுப்பில் வறுத்ததுதான்.

ஜீத்தில் அந்தக் கவலை இல்லை. பாரிஸிலிருந்து வருகிறவர்கள் அங்கே தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் அரிசி, பருப்பு வாங்கி டிக்கியில் போட்டுக்கொள்ளலாம். நாங்களும் போட்டோம், குக்கரோடு. போய்ப் பார்த்தால் இண்டக்‌ஷன் அடுப்பு. நம் அலுமினிய குக்கர் அதில் சூடே ஏறாது. போய்ச் சேர்ந்ததோ சனி இரவு. ஞாயிறு மதியத்துக்கு மேல் சூப்பர் மார்க்கெட் மூடியிருந்தது, திங்கள் பேக்கரிக்கு விடுமுறை. இரண்டு நாள் வாணலியில் வெந்த நூடுல்ஸ்.

இப்போது நான் சொல்வது இரண்டும் கலந்த வழி. வியாழன், வெள்ளி இரவு ஷாம்ப்ர் தோத். சார்லா சந்தை புதனும் சனியும் கூடும். சனி காலை அங்கே காய்கறி, சீஸ் வாங்கிக்கொண்டு மாலை நாலு மணிவாக்கில் ஜீத் சாவியை வாங்குங்கள். ஆகஸ்டில் இரண்டு இரவுக்கு மட்டும் அறை கிடைப்பது கொஞ்சம் கஷ்டம், ஜூன் கடைசி என்றால் சுலபம்.

அடுத்த முறை ஜீத்தில் சமையல் என் பொறுப்பு. அந்த நிபந்தனையில்தான் மனைவி சம்மதித்திருக்கிறாள்.